பிரெஞ்சுக்காரம்மாவின் ஷாம்பெயின்

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சேலம் ஜங்ஷனை ஒட்டிய சூரமங்கலத்தில், ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தோம். என் கணவருக்குக் கூட்ஸ் வண்டியில் கார்டு வேலை. சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாரென்றால், ஜோலார்ப்பேட்டையோ ஈரோடோ போய்விட்டு எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. யுத்தச் சாமான் ஏற்றிய வண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு, ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் பொழுதெல்லாம் நின்றுகிடப்பார்கள்.

நான் பிறந்தது எருமப்பட்டிப் பக்கம். தோட்டம், கிணறு, மாடுகள், வேலையாட்கள் என்று எந்நேரமும் பேச்சும் கூப்பாடுமாக இருக்கும் வீடு. அங்கிருந்து வந்தவளுக்குச் சூரமங்கலத்தில் கேட்டதெல்லாம் எஞ்சின் சத்தம்தான். எங்கள் வரிசையில் தெலுங்குக்காரர்கள் இருந்தார்கள், பாலக்காட்டுக்காரர்கள் இருந்தார்கள், சட்டைக்காரர்கள் என்று நாங்கள் சொல்லும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் இரண்டு மூன்று இருந்தன. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவரவருக்கு அவரவர் பாடு. காலையில் அடுப்பை அணைத்துவிட்டால், அப்புறம் பேசுவதற்கு எனக்கு ஒரு ஆள் கிடையாது. சில நாள் என் குரலே எனக்கு மறந்துபோன மாதிரி இருக்கும். பல்லியிடம்கூடப் பேசியிருக்கிறேன்.

எங்கள் பின்புற வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய ஓட்டு வீடு. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தனியாக இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். ஊரில் எல்லோரும் 'பிரெஞ்சுக்காரம்மா' என்பார்கள். அவருடைய கணவர் பாண்டிச்சேரித் தமிழர். முதல் யுத்தத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தோடு சீமைக்குப் போனவர், அங்கேயே இவரைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தாராம். பிறகு சூரமங்கலத்துக்கு அந்தண்டை இருக்கும் கரட்டுக் குன்றில் வெள்ளைக்கல் வெட்டும் சுரங்கத்தில் மெஷின் வேலைக்கு வந்து, இங்கேயே காலமாகிவிட்டார். பிள்ளை குட்டி இல்லை. அந்த அம்மா சட்டைக்காரக் குழந்தைகளுக்குக் கவுன் தைத்துக் கொடுத்துப் பிழைத்து வந்தார். நான் துணி உலர்த்தப் போகும்போது வேலிக்கு அப்பால் இருந்து கையைத் தூக்குவார். நானும் சிரிப்பேன். எங்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

எனக்கு முதல் குழந்தை உண்டாயிற்று. எல்லோருக்கும் வருகிற மசக்கைதான் என்று முதலில் நினைத்தோம். ஆனால் எனக்கு அது நிற்கவே இல்லை. சோற்று வாசனை வந்தால் வாந்தி, மோர் குடித்தால் வாந்தி, கடைசியில் பச்சைத் தண்ணீர் ஒரு மடக்கு உள்ளே போனால்கூட மறு நிமிடம் வெளியே வந்துவிடும். அம்மா இருந்திருந்தால் வந்து அழைத்துப் போயிருப்பார். அவர் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணி ஒருமுறை வந்து பார்த்தார்.

"மசக்கைன்னா அப்படித்தான் அம்மணி இருக்கும். நானெல்லாம் களையெடுத்துக்கிட்டே வாந்தி எடுத்தவ" என்று சொல்லிவிட்டு, மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. அறுப்புக் காலம்.

நாளாக ஆக எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. கண் உள்ளே போய்விட்டது. உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. கணவர் வேலைக்குப் போனால், தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீரும் பக்கத்தில் ஒரு மண்சட்டியுமாக நான் தனியே படுத்துக்கிடப்பேன். ஜன்னலில் தெரியும் வேப்பங்கிளையைப் பார்த்துக்கொண்டே, இப்படியே போய்விட்டால் அவர் வண்டி திரும்பும் வரைக்கும் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொள்வேன். பயமாகக்கூட இல்லை. அதுதான் பயங்கரம் என்று இப்போது தோன்றுகிறது.

ஒருநாள் கணவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து என்னைப் பார்த்தவர், உடையைக்கூட மாற்றாமல் ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தார். வயதான டாக்டர். நாடி பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். ஊசி போட்டார். வாசலில் நின்று அவர்கள் பேசியது எனக்கு நன்றாகவே கேட்டது.

"மருந்து கொடுக்கலாம்ப்பா. உள்ளே நின்னாத்தானே? சீமையில இந்த மாதிரி நிலைமைக்கு ஷாம்பெயினை ஐஸ்ல வெச்சு ஸ்பூன் ஸ்பூனாக் கொடுப்பாங்க. வயிறு அடங்கிப்போகும். நம்ம ஜில்லாவுல மதுவிலக்கு. பர்மிட் போட்டு, மெட்ராஸுக்கு எழுதி, அது வர்றதுக்குள்ள..."



"அதென்னங்க ஷாம்பெயின்?" என்று கணவர் கேட்டார்.

"பொங்கிப் பொங்கி வர்ற ஒயின். பிரெஞ்சுக்காரங்க செய்யறது."

டாக்டர் கிளம்பிப் போனார். பிறகு பின்பக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வேலியோரம் போய் அந்த அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க ஊருச் சரக்காமுங்க, ஷாம்பெயினுன்னு. அது எங்கியாச்சும் கெடைக்குமுங்களா? எங்கூட்டுக்காரி பொழைக்கோணும்."

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கணவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து வாசல் பக்கம் செருப்புச் சத்தம். அந்த அம்மா உள்ளே வந்தார். கையில் ஈரத் துண்டு சுற்றிய ஏதோ ஒன்று, கைக்குழந்தையைப் பிடிப்பது போல நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அவர் எங்கள் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை.

துண்டை விலக்கினார். கரும்பச்சை நிறத்தில் கனமான பாட்டில். கழுத்தில் தங்கக் காகிதம். அதில் ஈர மணல் ஒட்டியிருந்தது. அவர் வீட்டின் இருட்டான மூலையில், ஒரு தொட்டி மணலில் தண்ணீர் தெளித்துத் தெளித்து அதைப் படுக்க வைத்திருந்தாராம். சேலத்து வெயிலில் அதைக் காப்பாற்ற வேறு வழி இல்லை.

"நீ ஸ்டேஷன் போ. ஐஸ் கொண்டா" என்றார் என் கணவரிடம். அவருக்குத் தமிழில் எல்லோரும் 'நீ'தான். டாக்டரும் நீ, தாசில்தாரும் நீ.

கணவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "ஏனுங்க, வாசம் வெளிய போச்சுன்னா வேலை போயிருமுங்க. ரெண்டு ஊடு தள்ளி ஏட்டு மச்சினன் குடியிருக்கறான்."

"வேலை போனா வேற வேலை வரும். பொண்ணு போனா வருமா? போ."

அவர் போனார். ஸ்டேஷன் சாப்பாட்டு அறையில் தெரிந்த ஆளைப் பிடித்து, மரத்தூள் வைத்துக் கட்டிய ஐஸ் கட்டியோடு திரும்பி வந்தார். வாளியில் ஐஸை உடைத்துப் போட்டு, பாட்டிலை அதில் நிறுத்தினார்கள். அது குளிரும் வரை அந்த அம்மா என் உதட்டில் நனைத்த துணியை ஒற்றிக்கொண்டே இருந்தார். கணவர் ஜன்னலில் போர்வையைக் கட்டினார். பொங்கி வருகிற சரக்கென்றால் திறக்கும்போது வெடிச்சத்தம் கேட்குமென்று அவருக்குப் பயம்.

"சத்தம் போடறவனுக்குத் திறக்கத் தெரியலைன்னு அர்த்தம்" என்று அந்த அம்மா சிரித்தார். தக்கையைக் கட்டியிருந்த கம்பியைப் பிரித்தார். ஒரு கையால் தக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பாட்டிலை மெல்ல மெல்லத் திருகினார். 'ஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான். வாசனை மட்டும் வந்தது. பழ வாசனையும் புளித்த மாவு வாசனையும் கலந்த மாதிரி. எனக்கு எந்த வாசனை வந்தாலும் குமட்டும். அது ஏனோ குமட்டவில்லை.

சாராயம் என்ற சொல்லையே வாயில் எடுக்காத குடும்பம் எங்களுடையது. ஆனால் அந்த நேரத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை. முதல் ஸ்பூன் உள்ளே போய் அப்படியே திரும்பி வந்தது. அந்த அம்மா முகம் சுளிக்காமல் துடைத்துவிட்டு அடுத்த ஸ்பூனை நீட்டினார். சில்லென்று, புளிப்பாக, நாக்கில் பொடிப் பொடியாய்க் குத்திக்கொண்டு இறங்கியது. நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். அது திரும்பி வரவில்லை. அவர் தலையை ஆட்டினார். இன்னொரு ஸ்பூன். கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார்.

மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் அந்த அம்மா தையல் வேலைகளைப் போட்டுவிட்டு என் பக்கத்திலேயே இருந்தார். கணவர் வண்டிக்குப் போயாக வேண்டும். காலையில் ஐஸை வாங்கி வைத்துவிட்டுப் போவார். பகல் முழுவதும் நானும் அந்த அம்மாவும்தான். ஸ்பூனுக்கும் ஸ்பூனுக்கும் நடுவே அவர் பேசினார். எத்தனையோ வருஷமாகத் தமிழில் பேச ஆளில்லாதவர் போலப் பேசினார். அவர் சொன்னது பாதி எனக்குப் புரியாது. ஆனாலும் வீட்டில் ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"இந்தத் தண்ணி பேருதான் எங்க ஊர் பேரும். ஷாம்பாஞ். வேற ஊர்ல செஞ்சா அந்தப் பேர் வைக்கக் கூடாது."

அந்த ஊரில் திராட்சைக்குப் பந்தல் கிடையாதாம். இடுப்பளவு உயரத்துக்கு நட்டு, மலைச் சரிவெல்லாம் வரிசை வரிசையாக விட்டிருப்பார்களாம். மண் வெள்ளையாக இருக்குமாம். "உங்க வெள்ளைக்கல் கரடு மாதிரி. முதல் நாள் ரயில்ல வந்து இறங்கிப் பார்த்தேன். என் ஊர்னு நினைச்சு அழுதேன். அது வேற கல்லுன்னு என் புருஷன் சொன்னான். எனக்கென்ன, வெள்ளையா இருந்தா போதும்" என்றார். அவருடைய கணவர் காலமான பிறகும் பாண்டிச்சேரிக்குப் போகாமல் இங்கேயே தங்கியதற்கு அதுதான் காரணமாம்.

அந்த வெள்ளை மண்ணுக்கடியில் அந்தக் காலத்திலேயே குடைந்த பெரிய பெரிய நிலவறைகள் உண்டாம். கோடையானாலும் பனியானாலும் உள்ளே ஒரே குளிர்ச்சி. அங்கேதான் பாட்டில்கள் வருஷக்கணக்கில் கிடக்கும். பாட்டிலுக்குள்ளேயே இன்னொரு தடவை புளித்து நுரை கட்டும். அந்த வேகத்தில் சில சமயம் பாட்டில் வெடித்துவிடுமாம். அவருடைய தம்பி அங்கே வேலை பார்த்தான். சாய்த்து வைத்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தினமும் கொஞ்சம் கொஞ்சம் திருப்பிவிட வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் கசடு கழுத்துக்கு இறங்கும். "இது தம்பி கை பட்ட பாட்டில்" என்று வாளியைத் தொட்டுக் காட்டினார். யுத்தத்துக்கு முன்னால், பாண்டிச்சேரிக்கு வந்த ஒரு பாதிரியாரிடம் தம்பி கொடுத்தனுப்பினானாம்.

முதல் யுத்தத்தில் ஊர்மேல் குண்டு விழுந்துகொண்டே இருந்ததாம். ஜனங்கள் அந்த நிலவறைகளில் போய்க் குடியிருந்தார்கள். பள்ளிக்கூடமும் அங்கேதான். அறுவடைக்கு மட்டும் பெண்களும் பிள்ளைகளும் மேலே வருவார்கள்.

"குண்டுச் சத்தம் கேட்டா குனிஞ்சுக்குவோம். அப்புறம் எழுந்து பறிப்போம். பழம் காத்திருக்காதில்ல?" என்றார்.

இப்போது மறுபடியும் ஜெர்மன்காரன் அந்த ஊருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான். தம்பியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குத் தமிழ் வரவில்லை. அவர் பாஷையில் ஏதோ சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பாட்டில் காலியாகும்போது எனக்குக் கஞ்சித் தண்ணீர் நின்றது. அப்புறம் மோர். அப்புறம் ஒரு பிடி குழைந்த சோறு. இன்றைக்கு இருக்கிற டாக்டர்களிடம் சொன்னால், வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு ஒயினா என்று திட்டுவார்கள். என்னைக் காப்பாற்றியது அந்த ஷாம்பெயினா, டாக்டர் போட்ட ஊசியா, இல்லை பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்ததுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பெண் குழந்தை பிறந்தது. பிரெஞ்சுக்காரம்மா வெள்ளைத் துணியில் கவுன் தைத்துக் கொண்டு வந்தார். குழந்தை தவழ ஆரம்பித்ததும், வேலியில் ஒரு பக்கத்து முள்ளை எடுத்துவிட்டு வழி செய்துகொண்டோம். என் பகல்களில் பாதி அவர் வீட்டில் போயிற்று. ஆனாலும் அவர் முகத்தில் எப்போதும் ஒரு காத்திருப்பு இருக்கும். என் கணவர் வேலை முடிந்து வந்தால், தையலை விட்டுவிட்டு வேலியருகே வந்து நிற்பார்.

"பேப்பர்ல எங்க ஊர் வந்துதா?"

"இல்லீங்க. வந்தா நானே சொல்றேனுங்க."

அப்படியே நாள் ஓடியது. என் மகள் நடக்கவும் மழலை பேசவும் ஆரம்பித்துவிட்டாள். ஒருநாள் மத்தியானம் கணவர் ஸ்டேஷனிலிருந்து பேப்பரோடு ஓட்டமாக வந்தார். பாரிஸ் பட்டணம் ஏற்கெனவே விடுபட்டிருந்தது. இப்போது ஷாம்பெயின் சீமையிலிருந்தும் ஜெர்மன்காரன் ஓடிவிட்டான் என்று செய்தி. வேலி வழியாகவே போய்ப் படித்துச் சொல்லிவிட்டு, அடுத்த வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். நான் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தாமதமாகத்தான் போனேன்.

அழுதுகொண்டிருப்பார், அல்லது ஆடிக்கொண்டிருப்பார் என்று நினைத்துப் போனேன். அவர் நல்ல கவுன் ஒன்றை உடுத்திக்கொண்டு, தலைவாரி, மேஜை முன்னால் நேராக உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் வெள்ளை விரிப்பு. அதன்மேல் கழுவித் துடைத்த ஒரே ஒரு கண்ணாடி டம்ளர். உள்ளே ஒன்றுமில்லை. தெருவில் ஒரு கட்டை வண்டி போய்க்கொண்டிருந்தது. சேலத்தில் இருந்த அத்தனை ஆயிரம் பேரில், அன்று அவருக்குக் கிடைத்த செய்தி சந்தோஷச் செய்தி என்று தெரிந்தவர்கள் நானும் என் கணவரும் மட்டும்தான்.

"என்னங்க, வெறும் டம்ளரை வெச்சுக்கிட்டு?" என்றேன்.

"இந்த நாளுக்குத்தான் வெச்சிருந்தேன், அந்த பாட்டிலை" என்றார். "ஊர் பறிபோன அன்னிக்கே முடிவு பண்ணேன். ஜெர்மன்காரன் போற அன்னிக்குத் திறக்கணும்னு. தம்பி அங்க ஒண்ணு திறப்பான், நான் இங்க ஒண்ணு." பிறகு என் இடுப்பில் இருந்த மகளைப் பார்த்துச் சிரித்தார். "இவ குடிச்சிட்டா."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா நீ குடிச்சிருப்பியா?"

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். தெருமுனைப் பெட்டிக் கடைக்கு நான் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. அங்கே ஆண்கள் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, கோலி சோடா இரண்டு வேண்டும், பாட்டிலோடு வேண்டும், திருப்பிக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஊட்ல யாருக்காச்சும் வயித்து வலிங்களா அம்மணி?"

"இல்லீங்க. விசேஷமுங்க" என்றேன்.

பிரெஞ்சுக்காரம்மா வீட்டுக்கு ஓடி வந்து, பாட்டிலை மேஜைமேல் வைத்து, கட்டை விரலால் கோலியை ஓங்கி அழுத்தினேன். எனக்குப் பழக்கமில்லை. 'டப்'பென்று பெரிய சத்தத்தோடு சோடா பொங்கி, விரிப்பெல்லாம் நனைந்துபோயிற்று. குழந்தை திடுக்கிட்டு அழப் போனது, பிறகு கைகொட்டிச் சிரித்தது.

"சத்தம் போட்டுட்ட. உனக்குத் திறக்கத் தெரியல" என்றார் அந்த அம்மா. சொல்லிக்கொண்டே சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதார். எழுந்து போய் இன்னும் ஒரு டம்ளர் கொண்டு வந்தார். ஊற்றினார். டம்ளரை உயர்த்தி அவர் பாஷையில் ஏதோ சொன்னார். நானும் என் டம்ளரை உயர்த்தினேன். உப்புக் கரிக்கும் அந்தச் சோடாவை, கடைசிச் சொட்டு வரைக்கும் மெதுவாக, கண்ணை மூடிக் குடித்தார்.

யுத்தம் முழுவதும் முடிந்த பிறகுதான் தம்பியைப் பற்றித் தகவல் வந்தது. ஜெர்மன்காரர்கள் அவனைத் தங்கள் நாட்டுக்கு வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அங்கேயே இறந்துவிட்டான். நாங்கள் சோடா குடித்துச் சிரித்த அன்று அவன் உயிரோடு இல்லை. பிரெஞ்சுக்காரம்மா அதை என்னிடம் இரண்டே வார்த்தையில் சொன்னார். அப்புறம் வெள்ளைக் கரட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முறை நான் எதுவும் வாங்கி வர ஓடவில்லை. சாயங்காலம் வரை பக்கத்தில் இருந்தேன்.

கொஞ்ச காலத்தில், அந்த அம்மாவுடைய கணவரின் உறவுக்காரப் பெண் ஒருத்தி வந்து அவரைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனாள். ஜங்ஷனில் வண்டி ஏற்றிவிட்டேன். ஜன்னல் கம்பி வழியாக என் மகளின் கன்னத்தைத் தொட்டார். "வாரேன்னு சொல்லு பாட்டி" என்று மகள் எங்கள் பேச்சில் சொல்லிக் கொடுத்தாள். "வாரேன்" என்றார். அவருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. எனக்கு அவர் பாஷை தெரியாது. அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. அவர் போன பிறகு அந்த வேலியில் நாங்கள் முள் வைக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போக எனக்கு வேலையும் இல்லை.

ஒருவர் வீட்டில் துக்கம் என்றால் கேட்காமலே பத்துப் பேர் போய் நிற்கிறோம். தனியாக இருக்கிறவர்களுக்கு ஒரு நல்ல சேதி வந்தால், அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அவர்கள் உட்கார்ந்திருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. எனக்கும் வயதாகிவிட்டது, முழங்கால் வலிக்கிறது. ஆனாலும் எங்கள் தெருவில் தனியாக இருக்கும் யாருக்காவது ஒரு சந்தோஷம் என்று காதில் விழுந்தால், கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, முதல் ஆளாகப் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.